128 பாலிஃபனி என்றால் 128 வாத்தியங்கள் அல்ல

‘128 பாலிஃபனி உள்ள கீபோர்டில் 128 வாத்தியங்கள் ஒன்றாக ஒலிக்கும், எண் கூடினால் ஒலித்தரமும் கூடும்’ என்றொரு செய்தி மதுரை மெல்லிசைக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பாலிஃபனி என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின், அதாவது கீபோர்டு எழுப்பும் தனித்தனி ஒலிகளின், உச்ச வரம்பு. கீபோர்டின் ஸ்டீரியோ (இடம், வலம் என இரு ஒலித்தடம்) பியானோ ஒலியில் ஒரு கட்டையை அழுத்தினாலே பெரும்பாலும் இரண்டு குரல்கள் செலவாகும். வயலின் அடுக்கையும் சேர்த்தால் இன்னும் கூடும். வரம்பு தாண்டினால், ஒலியை நீட்டிக்கும் பெடலை மிதித்திருந்தாலும் முன்பு வாசித்த ஸ்வரம் சட்டென்று அறுபடும். தரம் வேறு விஷயம். அது கீபோர்டில் பதிந்துள்ள ஒலி மாதிரிகளையும் ஒலியைச் செதுக்கும் ஃபில்டரையும் பொறுத்தது. 1988-இல் வந்த கோர்க் எம்1 கீபோர்டுக்கு 16 குரல்கள்தான். அதன் பியானோ ஒலிக்கு இன்றும் மதிப்பு உண்டு.

தயாரிப்பாளரின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கையேட்டில் ஒரு கீபோர்டின் பாலிஃபனி எண்ணைச் சரிபார்க்கலாம். சித்திரைத் திருவிழாக் கச்சேரிகளை நம்பிக் கடன் வாங்கிக் கீபோர்டு எடுக்கும் பிள்ளைகள் ஏமாறக் கூடாது. தயவுசெய்து அந்தத் தவறான வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.