நீச்சல்குள விளக்கில் கசிவு: கண்ணாடி ஓரத்தில் சிலிகான் பூசுவது தீர்வாகாது

"குளத்து நீர் விளக்கின் உயரம் வரை இறங்கி நின்றுவிட்டால், விளக்கின் விளிம்பைச் சுற்றிச் சிலிகான் பூசுங்கள், 12 வோல்ட் விளக்குதான், மின்சாரத்தை நிறுத்த வேண்டியதில்லை" என்றொரு அறிவுரை வாட்ஸ்அப்பில் பரவுகிறது. கசிவு விளக்கின் பக்கம் இருக்கலாம் என்ற ஊகம் நியாயமானதே; மற்றவை தவறு.

சுவரில் பதித்த கூட்டுக்குள் பொருத்தப்படும் இவ்வகை விளக்கைச் சுற்றி நீர் நிற்பது பழுதன்று. விளக்கின் சூட்டைத் தணிப்பதே அந்த நீர்தான் என்பதால், விளிம்பை அடைப்பது விளக்குக்கே கேடு. நீர் வெளியேறுவது பெரும்பாலும் கூட்டின் பின்புறம், மின்கம்பி நுழையும் குழாயின் வழியே. அக்குழாயில் குளத்து மட்டம் வரை நீர் நிற்பதும் இயல்பே. மண்ணுக்கடியில் அது விரிசல் விட்டாலோ, இணைப்பு தளர்ந்தாலோதான் ஒழுகும். பம்பை நிறுத்தி, அசையாத நீரில் குழாய் வாயருகே சாயத்துளி விட்டால், அது உள்ளே இழுபடுவது கண்ணுக்கே தெரியும்.

பிரேக்கரை அணைத்தபின், கூட்டுக்குள் சுருட்டி வைத்திருக்கும் உபரிக் கம்பியோடு விளக்கைக் கரைக்கு எடுத்து, கம்பியைக் கவ்வும் ரப்பர் அடைப்பானாலோ நீருக்கடியில் ஒட்டும் மக்காலோ (புட்டி) குழாய் வாயை அடைக்கலாம். குளத்தை வற்றவைக்க வேண்டியதில்லை. எபாக்சிப் பசையும் நிற்கும், ஆனால் பின்னாளில் கம்பியை மாற்றுபவர் திண்டாடுவார்.

பழைய விளக்குகள் பல 12 வோல்ட்டில் அல்ல, வீட்டு மின்இணைப்பின் முழு மின்னழுத்தத்தில் இயங்குபவை. 12 வோல்ட் விளக்கிலும் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் பழுதடையலாம்; அதனால்தான் எந்த விளக்கானாலும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சேதமடைந்த கம்பியை நீருக்கடியில் ஒட்டுப்போடாமல், தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு முழுவதுமாக மாற்ற வேண்டும்.