தனியுரிமையின் பெயரில் மூடப்படும் கோப்புகள்
2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடிமக்களை அரசின் கண்காணிப்பிலிருந்து காக்கும் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அதன் 17(2) பிரிவு மத்திய அரசுக்குத் தருகிறது. சரி, அதைவிட எனக்குப் பெரிய கவலை அதன் 44(3) பிரிவு. தனிப்பட்ட தகவலை எப்போது மறுக்கலாம் என்று சொல்லும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே அது மாற்றிவிட்டது. முன்பு பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட விவரத்தைத்தான் மறுக்க முடியும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இப்போது இரண்டுமே இல்லை, தனிப்பட்ட தகவல் என்றாலே போதும். பொதுநலன் கருதித் தகவல் தர தகவல் உரிமைச் சட்டத்தில் 8(2) பிரிவு இருக்கிறதே என்று கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, ஆனால் அதை அதிகாரி தானாகவா கையில் எடுப்பார்? மேல்முறையீடு, தகவல் ஆணையம் என்று விண்ணப்பித்தவர்தான் அலைய வேண்டும். எங்கள் ஊரில் வீடு கட்டும் திட்டப் பயனாளிகள் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்தான் வாங்கினோம். ஏற்கெனவே மாடி வீடு வைத்திருப்பவர்களின் பெயர்கள் அதில் இருந்தன, அப்புறம்தான் விசாரணையே நடந்தது. பெயர், முகவரி, பெற்ற தொகை எல்லாமே தனிப்பட்ட தகவல்தானே? இனி அதே பட்டியலைக் கேட்டால் ஒரே வரியில் மறுத்துவிடலாம்.