காருக்குள் வெளிக்காற்று போகிற அந்த ஓட்டையில் எலி நுழையாதபடி ஒரு வலை வைத்தால் கார் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும்?

மறுபடியும்! பதினோரு நாள் வண்டியை எடுக்கவில்லை. பதினோரே நாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவசரமாகக் கிளம்பி உட்கார்ந்தேன், வண்டியைக் கிளப்பினேன், ஏசி புளோயரை இரண்டில் வைத்தேன். 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டையைச் செருகி ஓட்டினால் வருமே, அதே சத்தம். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். சத்தம் பெரிதானது. மூன்றில் வைத்ததும் நடு வென்ட்டிலிருந்து சாம்பல் நிறப் பஞ்சு பறந்து வந்து முகத்தில் அப்பியது. கண் இமையில், உதட்டில், சட்டைக் காலருக்குள். பின்னாலேயே அந்த நாற்றம். காய்ந்த எலி மூத்திரம் சூடான காற்றில் எப்படி நாறும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். கதவைத் திறந்து வெளியே ஓடி நின்றேன். போக வேண்டிய இடத்துக்குப் போகவே இல்லை.

கிளவ் பாக்ஸைக் கழற்றினேன். உள்ளே வரும் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரின் நடுவில் என் கட்டைவிரல் தாராளமாகப் போகிற அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. அதன் கீழே, புளோயர் விசிறியை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கூடு. பானெட்டுக்கு அடியில் இருக்கிற மெத்தையைப் பிய்த்து வெளிச்சுற்று. ஃபில்டர் பேப்பரை நாடா நாடாவாகக் கிழித்து உள்சுற்று. நான் டேஷ்போர்டில் வைத்திருந்த டிஷ்யூ பேப்பர் நடுவில் மெத்தென்று. சுற்றிலும் அரிசி அரிசியாகப் புழுக்கை. சுண்டெலிக்குக் கர்ப்பகாலமே மூன்று வாரம்தான், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஒரு குடும்பமே என் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருக்கும்.

இது மூன்றாவது தடவை. போன தடவை ஷெட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? கம்ப்ரஸர் குழாயைப் பிடித்து உள்ளே ஊதினார்கள்! புழுக்கைத் தூளெல்லாம் அந்தப் பையன் மூஞ்சியிலும் என் மூஞ்சியிலும். காய்ந்த எலிக் கழிவைத் தூசியாகக் கிளப்பவே கூடாது. சில வகை எலிகளிடம் மனிதருக்குக் கடும் நோய் தருகிற ஹன்டா வைரஸ் இருக்கிறது, அது பெரும்பாலும் அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதால்தான் தொற்றுகிறது. கூட்டவும் கூடாது, வேக்குவமும் போடக் கூடாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்து எடுக்க வேண்டும். தினமும் நாலு வண்டியில் எலிக்கூடு எடுக்கிறவர்களுக்கு இதை யாருமே சொல்லவில்லையா? அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது.

"வண்டிய தினமும் ஓட்டுங்க சார், எலி வராது." இதுதான் மெக்கானிக் சொன்ன வைத்தியம். முதல் தடவை தினமும் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் வந்தது! ராத்திரி நிறுத்தினால் இன்ஜின் சூடு மணிக்கணக்கில் இருக்கிறது. இருட்டு, கதகதப்பு, பூனை எட்டாத இடம். அதற்கு வேறென்ன வேண்டும்?

வயர் உறையில் சோயா கலந்திருப்பதால்தான் கடிக்கிறது என்றார் இன்னொருவர். அமெரிக்காவில் அதை வைத்து வழக்கே போட்டார்கள், தெரியும். ஆனால் என் வண்டியில் மெத்தை, காகிதம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும்தானே கடித்திருக்கிறது! எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிட்டால் அதற்கு வாழ்க்கையே இல்லை.

அப்புறம் ஆளாளுக்கு யோசனை. பானெட்டுக்குள் அந்துருண்டை போடு என்றார்கள். போட்டேன். அந்த ஆவி முழுக்க அதே காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வந்து, பின்சீட்டில் இருந்த குழந்தைக்குத் தலைவலி. புதினா எண்ணெய் தெளித்தேன், நாலு நாளில் வாசனையே இல்லை. அல்ட்ராசானிக் கருவி வாங்கி பேட்டரியில் இணைத்தேன். அந்தக் கருவிக்கு ஒரு சாண் தள்ளித்தான் இரண்டாவது கூடு இருந்தது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001லேயே இந்தக் கருவி செய்கிறவர்கள், விற்கிறவர்கள் என 60 பேருக்கு மேல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது, அறிவியல் ஆதாரம் இல்லாமல் எலியை விரட்டும் என்று சொல்லாதீர்கள் என்று. இன்றுவரை விற்கிறார்கள். விஷம் வைக்கச் சொன்னவர்களுக்கு ஒரே பதில்: தின்றுவிட்டு டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் யார் எடுப்பது? விஷம் தின்ற எலியைத் தின்கிற ஆந்தையும் பூனையும் என்ன பாவம் செய்தன?

இந்தத் தடவை நானே இறங்கிவிட்டேன். வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் பேனலைத் தூக்கினேன். அங்கே பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. வெளிக்காற்று உள்ளே போகிற வாய், என் நாலு விரலும் சேர்ந்து நுழைகிற அகலம், ஒரு தடுப்பும் இல்லை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். அதற்கு இவ்வளவு பெரிய வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்! திரை இருக்கிறது, கேமரா இருக்கிறது, சொன்னால் கேட்கிற குரல் இருக்கிறது. உள்ளங்கை அளவு கம்பிவலை இல்லை.

6 மில்லிமீட்டருக்கும் சிறிய கண் உள்ள ஸ்டீல் வலையை வெட்டி, ஓரத்தை மடக்கி, நானே பொருத்தினேன். அரை மணி நேர வேலை. பிளாஸ்டிக் வலை வேண்டாம், ஒரே ராத்திரியில் கடித்துவிடும். நிறுத்தும்போது காற்றை உட்சுழற்சியில், அதாவது உள்ளே இருக்கிற காற்றே சுற்றுகிற நிலையில், போட்டுவிட்டே அணையுங்கள். பல வண்டிகளில் அப்போது வெளிக்காற்று வழியில் இருக்கிற மடல் மூடி, புளோயருக்குள் இறங்கும் வழி அடைபடும். இன்ஜின் பக்கமும் கழுவ வேண்டும். பழைய எலியின் மூத்திர வாசனை இருக்கிறவரை புது எலி தேடி வரும். டயர் ஓரமாக இரண்டு பொறி வைத்திருக்கிறேன், நேற்று ஒன்று விழுந்தது.

இவ்வளவும் முடித்து, பேனலைத் திரும்ப மாட்டப் போனால், ஏழு கிளிப்பில் நாலு உடைந்துவிட்டது. இந்த பிளாஸ்டிக் கிளிப்பைக் கண்டுபிடித்தவன் யார்? ஒரு தடவையாவது உடையாமல் கழற்றியவர் யாராவது இருக்கிறீர்களா? தனியாகக் கேட்டால் தர மாட்டேன் என்கிறார்கள், முழு பேனலாகத்தான் வாங்க வேண்டுமாம்! ஏழு ஸ்க்ரூ போட்டிருக்கக் கூடாதா? இப்போது வைப்பரைப் போட்டால் அந்தப் பேனல் படபடவென்று அடிக்கிறது.