ஆய்வுக் கட்டுரைக்குக் காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஒரு நண்பர், "மதுரையில் ஆய்வு செய்பவர்களுக்கு கூகுள்தான் கதி, பூட்டிய கட்டுரை என்றால் 30, 40 டாலர் கட்டியே ஆக வேண்டும்" என்கிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதை நம்பிக் காசை இழந்துவிடக் கூடாது.

2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடப்பில் இருக்கிறது; ஆய்விதழ்களுக்கான சந்தாவை மத்திய அரசே கட்டும் திட்டம். எல்சேவியர், ஸ்பிரிங்கர், வைலி உட்பட 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் இதில் அடங்கும். அரசுப் பல்கலைக்கழகங்கள், அரசுக் கல்லூரிகள், மத்திய அரசு ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றுக்காகவே வந்த திட்டம் இது. சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை, அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. விலை கேட்கும் பக்கம் வந்தால், நீங்கள் சந்தா உள்ள நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று அந்தத் தளத்துக்குத் தெரியவில்லை என்றே பெரும்பாலும் பொருள். வளாக இணையத்திலிருந்து திறந்து பாருங்கள். வீட்டிலிருந்து என்றால் இன்ஃபெட் (வளாகத்துக்கு வெளியிலிருந்து சந்தா இதழ்களைத் திறக்க உதவும் முறை) நுழைவுக் கணக்கு உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். தயங்காதீர்கள், அது அவர் வேலை.

அப்புறம், தேடும் விதம். 'மதுரை மல்லி' என்று கூகுளில் போட்டால் பூ விலைதான் முதலில் வரும். ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் 'ஜாஸ்மினம் சம்பக்' (Jasminum sambac) என்ற அதன் அறிவியல் பெயரை ஆங்கில எழுத்தில் மேற்கோள் குறிக்குள் கொடுத்து, 'ஆண்ட்' (AND, இரண்டும் இருக்க வேண்டும் என்று பொருள்) சேர்த்து, அறுவடைக்குப் பிந்தைய என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் (postharvest) போடுங்கள். பிறகு சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்றவை, ஆண்டு என்று வடிகட்டுங்கள். பட்டியல் கையடக்கமாகிவிடும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது, அது யாருக்கும் இலவசம்.