மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக நாக்கின் அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின் மாத்திரை பற்களை அழித்துவிடும், உடனே நிறுத்துங்கள் என்றொரு செய்தி பரவுகிறது. நிறுத்தச் சொல்வது கொடிய தவறு.

2022 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதனால் சொத்தை, வாய்த் தொற்று, பல் இழப்பு நேரலாம் என எச்சரித்தது உண்மைதான். ஆனால் நன்மையே அதிகம், நிறுத்தாதீர்கள் என்று அதே அறிக்கை சொன்னதை வெட்டிவிட்டார்கள்.

மாத்திரை முழுதும் கரைந்ததும் ஒரு வாய்த் தண்ணீரைப் பல்லிலும் ஈறிலும் மெதுவாகச் சுழற்றி விழுங்குங்கள். ஒரு மணி நேரமாவது பல் துலக்காதீர்கள். மாத்திரையின் அமிலம் பட்ட எனாமல், அதாவது பல்லின் மேற்பூச்சு, உடனே துலக்கினால் தேய்ந்துவிடலாம். பல் மருத்துவரிடம் மருந்தை மறைக்க வேண்டாம். மாத்திரையை விட்டவர் பழைய அளவில் ஹெராயினுக்குத் திரும்பினால், உடல் தாங்காமல் மூச்சே நின்றுபோகலாம்.