எலும்பைக் குப்பையில் போடாதீர்கள், எனக்குக் கொடுங்கள்

நேற்று மாலை ஒரு நண்பர் வீட்டில் தேங்க்ஸ்கிவிங் விருந்து, நவம்பர் வியாழக்கிழமையில் வரும் அமெரிக்க நன்றிப் பண்டிகை. 18 பேர், ஒரு வான்கோழி, அதைச் சுற்றி நம்மூர்ப் பதார்த்தங்கள் பத்துப் பன்னிரண்டு. சாப்பிட்டு முடித்து எல்லாரும் சோபாவில் சாய்ந்த நேரத்தில், வீட்டுக்காரர் கறுப்புக் குப்பைப் பையை விரித்துப் பிடிக்க, இன்னொருவர் அலுமினியத் தட்டோடு அந்த எலும்புக்கூட்டைத் தூக்கி உள்ளே சாய்க்கப் போனார். நான் "நிறுத்துங்க!" என்று கத்தியதில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் இங்கேயும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எலும்பைக் காப்பாற்றியதற்கு மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஊரே தள்ளுபடியில் டிவி வாங்கப் போயிருக்கிறது. அந்த எலும்பு என் அடுப்பில் இருக்கிறது, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே இருக்கும் பனி தெரியவில்லை. இந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம். வான்கோழிக் கறி அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. 14 பவுண்டுப் பறவை, அதாவது ஆறு கிலோவுக்கு மேல். நெஞ்சுக்கறி சீக்கிரம் வெந்துவிடும், தொடைக்கறி வேக நேரம் எடுக்கும். தொடை வெந்து மெத்தென்று ஆகும்வரை அடுப்பில் விட்டால் நெஞ்சு தேங்காய்ச் சக்கையாகிவிடும். அதை மறைக்கத்தான் கிரேவி, அதை மறைக்கத்தான் கிரான்பெரி என்ற புளிப்புப் பழச் சாறு. இத்தனை வருஷமாக இந்த நாட்டில் சாப்பிட்டுப் பார்த்தவன் சொல்கிறேன், வான்கோழி வாங்குவது வியாழக்கிழமைக்காக இல்லை. வெள்ளிக்கிழமை சூப்புக்காக. வியாழக்கிழமை நடப்பது அந்தச் சூப்புக்கு எலும்பு வறுக்கும் வேலை.

இது எனக்குத் தானாக வந்த ஞானம் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்த புதிதில் நானும் எலும்பைத் தூக்கிப் போட்டவன்தான். முதல் வருஷம் பறவையின் வயிற்றுக்குள் கழுத்தும் ஈரலும் ஒரு சின்னப் பையில் போட்டு வைத்திருப்பார்கள் என்பதே தெரியாமல், பையோடு சேர்த்துச் சுட்டேன். சரி, அது வேறு கதை. மூன்றாவது வருஷம் அம்மா வந்திருந்தார். குப்பைப் பையை எட்டிப் பார்த்தவர் கேட்டார்: "ஏண்டா, இவ்வளவு எலும்பையும் கொட்டிட்டா இந்த ஊர்ல சூப்புக்கு என்ன பண்ணுவாங்க?"

"டப்பாவுல வாங்குவாங்கம்மா."

அன்று ராத்திரி அம்மா என்னோடு பேசவில்லை.

மறுநாள் பையிலிருந்து மீட்டெடுக்க முடியாது என்பதால், பக்கத்துத் தெரு நண்பர் வீட்டிலிருந்து ஒரு எலும்புக்கூடு வாங்கி வந்து கொடுத்தேன். அம்மா அதை நெஞ்செலும்பு சூப் வைக்கிற மாதிரியே வைத்தார். சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மல்லி, பூண்டு, மஞ்சள், குக்கரில் ஆறு விசில். வீடே மணந்தது. வாயில் வைத்தால் என்னவோ இடித்தது. வெண்ணெய், சேஜ், ரோஸ்மேரி என்ற வாசனை இலைகள் எல்லாம் தடவிச் சுட்ட எலும்பு அது. அதன் வாசம் ஒரு பக்கம் இழுக்க, சீரகம் இன்னொரு பக்கம் இழுத்தது. அம்மாவே இரண்டு கரண்டி குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "இது ஏற்கெனவே வெந்த எலும்பு. பச்சை எலும்புக்குத்தான் நம்ம மசாலா பிடிக்கும். இதுக்கு இந்த ஊர்க்காரங்க என்ன பண்றாங்கன்னு கேளு."

கேட்டேன். எதிர்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இருந்தார். மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு பையில் கறுத்த பழுப்பு நிறத்தில் நீளநீளமான தானியத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வைல்ட் ரைஸ். பெயரில்தான் அரிசி. நம் நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம், ஏரியில் தானாக விளையும் ஒரு புல்லின் விதை. இங்கேயுள்ள ஓஜிப்வே பழங்குடி மக்கள் இதை மனோமின் என்கிறார்கள். அவர்களுக்கு இது வெறும் உணவில்லை, புனிதமானது. கோடை முடியும் சமயத்தில் இரண்டிரண்டு பேராகப் படகில் போவார்கள். ஒருவர் நீண்ட கழியை ஊன்றிப் படகைத் தள்ளுவார், இன்னொருவர் இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்து மெல்லத் தட்டுவார். முற்றிய மணிகள் படகுக்குள் விழும், மிச்சம் தண்ணீரில் விழுந்து அடுத்த வருஷத்துக்கு முளைக்கும். 1977-ல் மினசோட்டா இதை மாநில தானியமாக அறிவித்தது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கன்னங்கறுப்பு ரகம் பெரும்பாலும் வயலில் பயிரிட்டது, வேக ஒரு மணி நேரம்கூட ஆகும். ஏரியில் கையால் தட்டி எடுத்து விறகில் வறுத்தது நிறம் வெளுத்திருக்கும், அரைமணிக்குள் மலர்ந்துவிடும். விலை அதிகம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம்.

சூப் வைக்கும் முறையைக் கேட்டு உள்பெட்டியில் வருகிறவர்களுக்காக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பறவையை அடுப்பிலிருந்து எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் கறியை உதிர்த்துத் தனியாகவும் எலும்பைத் தனியாகவும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வயிற்றில் ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டுப் பூரணம்) வைத்துச் சுட்டிருந்தால் அதைச் சுத்தமாக வழித்து எடுங்கள், இல்லாவிட்டால் சூப் கஞ்சித்தண்ணீர் மாதிரி கலங்கும். மறுநாள் எலும்புக்கூட்டைக் கையாலேயே நாலாக ஒடித்துப் பெரிய பானையில் போட்டு, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். தண்ணீரை அள்ளி ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. தோலோடு இரண்டாக வெட்டிய வெங்காயம் (நிறம் அந்தத் தோலில்தான் இருக்கிறது), இரண்டு கேரட், இரண்டு செலரித் தண்டு, பத்து மிளகு, ஒரு பே லீஃப். இந்தியன் ஸ்டோரில் வாங்கிய பிரிஞ்சி இலையைப் போடாதீர்கள். இரண்டும் வேறுவேறு மரம். நம்முடையது பட்டை வாசம் அடிக்கும், சூப் பிரியாணித் தண்ணீர் ஆகிவிடும். கழுத்து இருந்தால் சேர்க்கலாம், ஈரல் வேண்டாம், கசக்கும்.

தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ் எழுந்தால் போதும், அப்படியே மூன்று மணி நேரம். எலும்பு மூட்டிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் மெல்ல ஜெலட்டினாகக் கரைவதற்கு அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் கொழுப்பும் தண்ணீரும் ஒன்றாக அடிபட்டுக் கலங்கிவிடும். உப்பு மட்டும் இப்போது வேண்டாம். பறவை சுடுவதற்கு முன்பே உப்புத் தண்ணீரில் ஊறியிருக்கலாம், கடைசியில் ருசி பார்த்துப் போட்டால் போதும். வடிகட்டி, அகலமான பாத்திரங்களில் ஊற்றிச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் அது அல்வா மாதிரி ஆடினால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும் கொழுப்பை எறிய வேண்டாம், வெங்காயம் வதக்க அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது.

பிறகு சுலபம்தான். வெங்காயம், கேரட், செலரி வதக்கி, கொஞ்சம் மைதா தூவிக் கிளறி, அந்த ஸ்டாக்கை, அதாவது வடித்த எலும்புச் சாற்றை ஊற்றி, தனியாக வேகவைத்த வைல்ட் ரைஸையும் உதிர்த்த கறியையும் போட்டு, கடைசியில் ஒரு டம்ளர் பால். எதிர்வீட்டு அம்மா க்ரீம் ஊற்றுவார். என் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் பாலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் ஃப்ரீசர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மினசோட்டாக்காரர்களுக்கு நவம்பர் குளிரில் கார் நிறுத்தும் கராஜ்தான் இரண்டாவது ஃபிரிட்ஜ். நானும் இரண்டு வருஷம் பானையை அங்கே வைத்துச் சமாளித்தேன். மூன்றாவது வருஷம் திடீரென்று வெயிலடித்து, மூடியைத் திறந்தபோது புளித்த வாடை. நான்கு லிட்டரையும் கீழே கொட்டினேன். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் நம் வாட்ஸாப் குழுவில் "மிச்ச டர்க்கியில் தம் பிரியாணி" என்று படம் வரும். ஒருமுறை சுட்டுச் சக்கையான கறியை மறுபடி தம்மில் போட்டால் என்ன ஆகும்? மசாலாவில் நனைத்த கயிறு ஆகும். அதற்கு நாற்பது லைக். எலும்பு மட்டும் குப்பைக்கு. எல்லாவற்றையும் பிரியாணி ஆக்கியே தீருவது என்று நாம் ஏதாவது விரதம் எடுத்திருக்கிறோமா? நம் ருசியை விட்டுக்கொடு என்று சொல்லவில்லை. இங்கே சீன வம்சாவளிக் குடும்பங்கள் இதே எலும்பில் ஜூக் வைக்கிறார்கள், அரிசி குழையக் குழைய வெந்த கஞ்சி, மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும். தெற்கே லூசியானா மாநிலத்துப் பக்கம் இதே எலும்பு கம்போ என்ற கெட்டிக் குழம்பு ஆகிறது. இருவரும் தங்கள் வழியில்தான் சமைக்கிறார்கள், ஆனால் எலும்பில் ஆரம்பிக்கிறார்கள். நாம் கரம் மசாலாவில் ஆரம்பிக்கிறோம்.

(என் மனைவி இதே ஸ்டாக்கில் மிளகு ரசம் வைப்பாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இந்தப் பதிவில் என்னால் உண்மையைச் சொல்ல முடியாது.)

இன்னொன்று. "இது அந்நியப் பறவை, நமக்கென்ன சம்பந்தம்" என்று நேற்று ஒருவர் சொன்னார். மெக்சிகோப் பக்கத்துப் பறவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐரோப்பாவுக்குப் போனபோது அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆங்கிலேயர் துருக்கி என்று நினைத்து டர்க்கி என்றார்கள், துருக்கியர் இந்தியா என்று நினைத்து ஹிந்தி என்று பெயர் வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர்களும் இந்தியாவைத்தான் சொன்னார்கள். டச்சுக்காரர்கள் ஒரு படி மேலே போய் கள்ளிக்கோட்டையின் பெயரையே வைத்துவிட்டார்கள், கல்கூன் என்று. நம் மண்ணில் பிறக்காத பறவைக்கு நம் பக்கத்து ஊர்ப் பெயர். ஆக, கோழிக்கோட்டுச் சொந்தம் என்று சொல்லிக்கொண்டாவது எலும்பை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

எதிர்வீட்டு அம்மா போன வருஷம் மகள் வீட்டோடு அரிசோனா போய்விட்டார். போகும்முன் தன்னுடைய 12 குவார்ட் (சுமார் 11 லிட்டர்) பானையை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார், சீட்டுகூட எழுதவில்லை. அதில்தான் இப்போது கொதிக்கிறது. பானையில் இன்னும் இடம் இருக்கிறது. மினியாபோலிஸ் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டிலாவது நேற்றைய எலும்புக்கூடு ஃபிரிட்ஜில் இருந்தால் ஒரு மெசேஜ் போடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். திரும்பி வரும்போது ஒரு டப்பா சூப் உங்களுக்கு. ரோஸ்மேரி அதிகம் போட்டிருந்தால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.