'விற்கக் கூடாது' என்று எழுதினால் நிலத்தை விற்கவே முடியாதா?

"செட்டில்மெண்ட் பத்திரத்தில் 'மகன் இந்த நிலத்தை எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது' என்று எழுதிவிட்டால், பிறகு அவர் விற்றாலும் செல்லாது" என்று தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 10-ஆவது பிரிவைப் பாருங்கள். மத்திய அரசு சட்டங்களை வெளியிடும் 'இந்தியா கோட்' இணையதளத்தில் இருக்கிறது. முழு உரிமையாகக் கொடுத்த சொத்தை விற்கவே கூடாது என்ற நிபந்தனை செல்லாது. கொடுத்தது நிற்கும், அந்த வரி மட்டும் அடிபட்டுப் போகும். மகன் தாராளமாக விற்கலாம்.

பாட்டன் காலத்து நஞ்சை கைமாறிப் போகக் கூடாதே என்ற தவிப்பு நியாயமானதுதான். அப்படியென்றால் மகனுக்கு ஆயுள்கால அனுபவம் மட்டும், அவருக்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்கு முழு உரிமை என்று எழுதலாம். எழுதும் முன் வக்கீலிடம் காட்டுங்கள். அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.